வழி தவறக் கற்றுக்கொடுத்த சாவியக்காவுக்கு

இம்மடலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. மேசையின் மேல் கைவைத்து, சுற்றாத மின்விசிறியைச் சாட்சி வைத்து, வரப்போகும் ஓய்வூதியத்தின் மீது ஆணையிட்டுச் சொல்கிறோம்: கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அழகுக்காக ஆங்காங்கே அடைமொழி சேர்த்ததைத் தவிர, அணுவளவும் அளந்துவிடவில்லை.

முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காமல் எங்கள் கல்லூரியின் கதவுகளைக் காலையில் திறந்து மாலையில் பூட்டி, இன்று பணி ஓய்வு பெறும் கைகளுக்குரியவரே! சாவிக்கொத்தின் சலசலப்பால் வகுப்பில் உறங்குவோரை எழுப்பி, எழுந்தோரை ஏறிட்டுப் பார்த்தே அமர்த்திய ஏந்தலே! பூட்டுக்குப் பகையே, புதியவருக்குத் தமக்கையே! பணிப் பதிவேட்டில் அலுவலக உதவியாளர் என்றும், பதிவேட்டைப் பார்த்திராத பல்லாயிரம் பிள்ளைகளிடம் சாவியக்கா என்றும் பெயர் பெற்ற பெருந்தகையே! வணக்கம்.

முன் வரிசையில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து 'நீங்கள், நீங்கள்' என்று புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். சென்ற மாதம் ஒத்திகையின்போதே போய்விட்டீர்கள். ஆகவே சிறிது நேரம் உங்களை 'அவர்' என்றே சொல்லப்போகிறோம். யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சு என்று எண்ணிக்கொண்டு, தேநீரை ஆற விடாமல் கேட்டருள வேண்டுகிறோம்.

சாவியக்காவிடம் இருந்தவை முந்நூற்று நாற்பது சாவிகள். கொத்தை இடுப்பில் செருகினால் இடப்பக்கம் சாய்வார். அதைச் சமன்செய்யவே வலக்கையில் எந்நேரமும் தேநீர்க் குவளை. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று அவர் பார்த்ததில்லை; கதவின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். ஒருமுறை கல்லூரி முதல்வர் சொந்த வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு நின்றபோது, அக்கா கொத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்ட, அது பொருந்திற்று. ஏன் பொருந்திற்று என்று முதல்வரின் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கதவு திறப்பது அவர் தொழில். வழி தவற வைப்பது அவர் தொண்டு. அதைத்தான் சொல்ல வந்தோம்.

ஆண்டுதோறும் சேர்க்கைக்கான நேர்காணல் நாட்களில், படிக்க விண்ணப்பித்தவர்கள் நாலா திசையிலிருந்தும் வருவார்கள். அவர்களை வாசலில் எதிர்கொண்டு அழைத்துச் செல்ல மாணவர்களே சேர்ந்த வரவேற்புக் குழு ஒன்று உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் அக்குழுவின் முத்து, முதல் மதிப்பெண்ணின் சொத்து, மூன்றாம் ஆண்டு மாணவன் நெட்டை. பிறந்தது முதல் எதிலும் தப்பு செய்யாதவன். தும்மினால்கூடச் சரியான இடத்தில் தும்முவான்.

அன்று அவன் பொறுப்பில் மூவர். ஒருவன் மருத்துவரின் மகன். பதினாறு சான்றிதழ்கள் அடங்கிய பளபளக்கும் கோப்பைக் குழந்தைபோல் அணைத்திருந்தான். இன்னொருவர் தையற்கடை வைத்திருக்கும் நாற்பத்தொரு வயது அம்மா. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார். மூன்றாமவள் சாணை பிடிப்பவரின் மகள். அப்பா தெருத்தெருவாக வண்டி தள்ளிக் கத்தியும் கத்தரிக்கோலும் தீட்டுபவர். மகளை வாசலில் இறக்கிவிட்டு, மாலையில் வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

நெட்டை பேசினான். மடை திறந்த வெள்ளமாகப் பேசினான். அவன் மூச்சு வாங்குவதற்குள், சாணைக்காரர் மகளைக் காணோம். வாசலோரப் பெஞ்சில், வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா சொன்ன அந்தப் பொண்ணுகிட்ட?" என்றார் சாவியக்கா.

"நல்லதுதான் அக்கா சொன்னேன். மூணு ஆய்வகம், நாப்பதாயிரம் புஸ்தகம், போன வருஷம் வாங்குன கோப்பை..."

"அப்புறம்?"

"உங்க வீட்ல யாரெல்லாம் காலேஜ் படிச்சிருக்காங்கன்னு கேட்டேன். அன்பாத்தான் அக்கா கேட்டேன்."

"அன்பாத்தான் கேட்ட. கத்திகூடப் பாக்க பளபளன்னு அழகாத்தான் இருக்கு."

அக்கா பெஞ்சுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்நூற்று நாற்பது சாவிகளும் ஒரு பெருமூச்சு விட்டன.

"யாருக்கும்மா காத்திருக்க?"

"அப்பா வண்டி வரும். போயிடுவேன்."

"எப்ப வரும்?"

"சாயங்காலம்."

"காலைல பத்து மணிக்கே சாயங்காலத்துக்குக் காத்திருக்கியா? பொறுமைசாலிதான்."

அவள் சிரிக்கவில்லை. "இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியுதுக்கா. எனக்கு இந்த வாசல் மட்டும்தான் தெரியும்," என்றாள்.

அவள் எண் நாற்பத்தேழு. நேர்காணல் அறை வாசலில் மூன்று முறை எண்ணைக் கூப்பிடுவார்கள். மூன்றாம் முறையும் ஆள் இல்லையென்றால், இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குப் போய்விடும். இரக்கம், இறைஞ்சல் எதுவும் எடுபடாது. இது அக்காவுக்குத் தெரியும். 'பயப்படாதே' என்று சொன்னால் பயம் போகாது என்பதும் தெரியும். ஆகவே அதைச் சொல்லவில்லை. நெட்டையைத் தனியே இழுத்து வேறொன்று சொன்னார்.

"இவங்கள உள்ள கூட்டிட்டுப் போறப்ப, ஒரு எடத்துல தப்பாத் திரும்பு."

நெட்டையின் முகம் வெளிறியது. "தெரிஞ்சே தப்பாவா அக்கா?"

"எல்லாம் தெரிஞ்சவன் பக்கத்துல நின்னா, தெரியாதவனுக்கு நிக்க எடமே இருக்காதுடா. தனியாத் தொலைஞ்சா பயம். நாலு பேர் சேந்து தொலைஞ்சா சுற்றுலா."

பிறகு, பெஞ்சு வரை கேட்கும்படி உரத்த குரலில்: "தங்கச்சி! இந்த நெட்டைய நம்பி ரெண்டு பேரை அனுப்ப முடியாது போல. நீ கொஞ்சம் கூடப் போய்ப் பாத்துக்கிறியா? நானும் வர்றேன். நேர்காணல் உன் இஷ்டம்."

உதவி என்று கேட்டால் எழுந்திருக்காத பெண் எங்கே இருக்கிறாள்? எழுந்தாள்.

இங்கேதான் அக்காவின் கணக்கு பிசகியது. வாழ்நாளெல்லாம் தப்பே செய்யாதவன், செய்யத் தொடங்கியபோது அதையும் முதல் மதிப்பெண் வாங்கும் தரத்தில் செய்தான். இடப்பக்கம் திரும்பினான். மீண்டும் இடப்பக்கம். படியேறினான், ஏறிய படி கீழ்த்தளத்தில் கொண்டுபோய் விட்டது. அடுத்த திருப்பத்தில் ஓர் அறை. உள்ளே வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் கண்கலங்கி, "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றார். "வெளிய போற வழி எது சார்?" என்றான் மருத்துவர் மகன். "அது அடுத்த பருவத்துல வருது," என்றார் பேராசிரியர்.

அதற்கடுத்த படிக்கட்டில் ஐந்தாறு பேர் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்களும் நேர்காணலுக்கா?" என்று கேட்டார் தையற்கார அம்மா.

"ஆமாங்க. போன வருஷ நேர்காணலுக்கு. உக்காருங்க, பழகிடும்."

மருத்துவர் மகன் கோப்பை இன்னும் இறுக்கி அணைத்தான். "அம்மாவுக்கு ஒரு போன் பண்ணிக்கலாமா?" என்றான். பண்ணினான், கிடைக்கவில்லை. அதுவரை யாரையும் நிமிர்ந்து பாராத சாணைக்காரர் மகள், தன் பையின் வாரை அவனிடம் நீட்டி, "இதப் பிடிச்சுக்க. விட்டுடாத," என்றாள். தையற்கார அம்மா அளவு நாடாவை விரித்து விரித்து நடந்து, "இதோட எழுநூறு மீட்டர். ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே சட்டை தைக்கலாம்," என்று அறிவித்தார்.

அப்போதுதான் குரல் கேட்டது. குழுவில் ஒலிபெருக்கி என்ற பட்டம் பெற்ற மாணவி ஒருத்தி உண்டு. நேர்காணல் அறை வாசலில் எண் கூப்பிடுவது அவள் வேலை. அவள் கூப்பிட்டால் சுவர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காதுக்குத் தெரியாது.

"நாப்பத்தேழு! முதல் தடவை!"

நெட்டை நின்றான். அக்காவின் காதருகே குனிந்து, "அக்கா, தப்பு போதும். சரியான வழியச் சொல்லுங்க," என்றான்.

அக்கா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். அன்றைக்கு இருபத்தைந்தாண்டு அனுபவமும் முந்நூற்று நாற்பது சாவிகளும் ஒருசேரக் கைவிட்ட கணம் அது. "எனக்கும் தெரியலடா," என்றார்.

நகைச்சுவைக்காகச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்தக் கணத்தில் அவர் கையிலிருந்த தேநீர்க் குவளை கீழே விழுந்தது. அவர் வாழ்வில் குவளை விழுந்தது அந்த ஒருமுறைதான். பெஞ்சில் இருந்தவளை எழுப்பி, உள்ளே கூட்டி வந்து, அவள் இடத்தை நாமே பறித்துக் கொடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிறேன் என்றவள் சொந்த விருப்பத்தில் போயிருப்பாள். இப்போது போனால் அக்காவின் சாமர்த்தியத்தால் போனவளாவாள்.

"நாப்பத்தேழு! ரெண்டாம் தடவை!"

"தங்கச்சி, மன்னிச்சிடு. இவனத் தப்பாத் திரும்பச் சொன்னதே நான்தான்," என்றார் அக்கா.

சாணைக்காரர் மகள் அக்காவைப் பார்த்தாள். நெட்டையைப் பார்த்தாள். "அப்ப உங்க யாருக்குமே வழி தெரியாதா?" என்று கேட்டாள். கேட்ட குரலில் கோபம் இல்லை. வெகுநாள் தேடிய சொந்தக்காரர்களைக் கண்ட மகிழ்ச்சிதான் இருந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றாள். முன்னால் வந்து, வரிசையாகத் தெரிந்த கதவுகளின் பிடிகளை மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"என்னம்மா பாக்குற?"

"தேய்மானம்க்கா. நாங்க தெனமும் தெரியாத தெருவுக்குத்தான் போவோம். எந்தக் கதவுப் பிடி தேஞ்சு மின்னுதோ, அந்த வீட்டுலதான் ஆள் போக்குவரத்து அதிகம், அங்கதான் கத்தி மழுங்கியிருக்கும்னு அப்பா சொல்வாரு. இது துருப்பிடிச்சிருக்கு. இதுல வருஷத்துக்கு ஒருத்தர். இது பரவால்ல, ஆனா ஒரே கை, இடது கைக்காரர். இது..."

பித்தளைப் பிடி ஒன்று. நடுவில் பள்ளம் விழுந்து, பொன்னாய் மின்னிக்கொண்டிருந்தது.

"இதப் பாருங்க. பயந்த கை, வேர்த்த கை, எத்தன வருஷமா எத்தன பேர் பிடிச்சிருக்காங்க! எனக்கு முன்னாடியே இவ்வளவு பேரா பயந்திருக்காங்க?"

"நாப்பத்தேழு! மூணாம்..."

கதவு திறந்தது. "இருக்கேன்!" என்றாள். நாற்பத்தெட்டு பைவாரைப் பிடித்தபடியும், நாற்பத்தொன்பது அளவு நாடாவைச் சுருட்டியபடியும் பின்னால் நின்றார்கள்.

நேர்காணல் குழுவின் தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "ஏம்மா தாமதம்?" என்றார்.

"வழிகாட்டியக் கூட்டிட்டு வர வேண்டியிருந்துச்சு சார்."

மூவருக்கும் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு வரவேற்புக் குழுவில் சாணைக்காரர் மகளே சேர்ந்தாள். அன்று முதல் குழுவுக்கு ஒரே விதி: எவரை அழைத்துச் சென்றாலும் ஓரிடத்திலாவது தப்பாகத் திரும்ப வேண்டும், திரும்பியபின் வந்தவரிடமே வழி கேட்க வேண்டும். அக்காவின் இவ்விதியால் பேசவே கூசி வந்தவர்கள் வழி சொல்லிக்கொண்டு நுழைந்தார்கள். எந்த வீட்டிலிருந்து வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் போகலாம் என்றே கேட்டோம். நெட்டை இன்று வேறோர் ஊரில் விரிவுரையாளர். முதல் நாள் வகுப்பறைக்குப் போகும் வழியை மாணவர்களிடம்தான் கேட்டானாம். அது விதிப்படியா, விதிவசமா என்று அவன் எழுதவில்லை.

இனி மீண்டும் 'நீங்கள்' என்போம். எழுந்து போக வேண்டாம், கதவு பூட்டியிருக்கிறது.

அன்பு ஒன்றையே அணியாய்ப் பூண்ட அக்காவே! பொன்னாடை போர்த்தினால் மடித்து வைத்துவிடுவீர்கள். கடிகாரம் கொடுத்தால் நேரத்துக்கு வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள். ஆகவே, அந்தப் பித்தளைப் பிடியைக் கழற்றி உங்களுக்கு நினைவுப் பரிசாகத் தருகிறோம். சாணைக்காரர் தம் கையால் துடைத்தார். பள்ளத்தை மட்டும் தொட மறுத்துவிட்டார். கதவுக்குப் புதுப் பிடி போட்டாயிற்று. அது தேயும்வரை வருகிறவர்களுக்கு வழி தெரியாது. ஆகவே ஆண்டுதோறும் நேர்காணல் நாளன்று நீங்களே வந்து நின்றாக வேண்டும். இது அழைப்பு அன்று, ஆணை.

முழங்கால் வலிக்காமல், மூச்சு இரைக்காமல், சாவி இல்லாத இடுப்பு சமநிலைக்குப் பழகி, நூறாண்டு கடந்தும் நீங்கள் நலமாய் வாழ்க! காலையில் காய் வாங்கக் கிளம்பும் பொழுதெல்லாம், உங்கள் கால்கள் ஓரிடத்தில் தப்பாகத் திரும்பி, எங்கள் வாசலுக்கே வந்து சேர்க! வந்தால் பெஞ்சில் இடம் இருக்கும். தேநீர் சூடாக இருக்கும். உள்ளே போக வழி தெரியாத ஒருவர் எப்படியும் இருப்பார்.

கலங்கிய கண்ணோடும், அதை மறைக்கக் குனிந்த தலையோடும்,

ஆசிரியர்கள், அலுவலகத்தார், ஆய்வக உதவியாளர்கள்,
வரவேற்புக் குழுவின் இந்நாள், முன்னாள் மாணவர்கள்,
மற்றும் எண்கள் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது.

சட்டமிட்ட இம்மடலை வருங்காலத்தில் படிக்கும் புதியவர்களுக்காக ஒரு தகவல்: எங்கள் கல்லூரியில் மாடி கிடையாது, இருப்பது நேரான ஒரே நடைக்கூடம், வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாலே நேர்காணல் அறையின் கதவு தெரியும்.