வராதே என்ற சொல்

குண்டு விழுகிறது. மறுபடியும். மூங்கில் தோப்புப் பக்கம். நாங்கள் பதுங்குகுழியில். அம்மா, அவள் மடியில் தம்பி, நான். எனக்கு எட்டு வயது. மேலே இருந்து மண் உதிர்கிறது.

சைகோனுக்குத் தெற்கே எங்கள் ஊர். பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமை மீண்டும் பிடிக்க வந்த காலம். அம்மா வியட்நாம்காரி. அப்பா காரைக்கால் தமிழர். சைகோனில் பால் வியாபாரம். அன்று அவர் ஊரில் இல்லை.

குண்டு நின்றது. பூட்ஸ் சத்தம். பிறகு துப்பாக்கி, வீடு வீடாக. பிறகு ஒரு குரல். தமிழில் யாரையோ திட்டுகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் காரைக்கால் பக்கத்துத் தமிழர்களும் இருந்தார்கள். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவின் ஆட்கள் என்று நம்பிவிட்டாள், பாவி மகள். தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் இரண்டைக் கத்தினாள்.

"ஐயா! தமிழ்!"

அந்தக் குரல் பதறியது. "வராதே! உள்ளேயே இரு! வராதே!"

அம்மாவுக்கு 'வா' தெரியும். 'வரலாம்' தெரியும். அப்பா வாசலில் நின்று கூப்பிடும் சொற்கள். வேண்டாம் என்பதைத் தமிழ் சொல்லின் கடைசியில்தான் வைக்கிறது. அவ்வளவு தூரம் அவள் படிக்கவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி மேலே ஏறினாள். நான் அவள் மொழியில் அலறினேன். "போகாதே அம்மா!" இரண்டு வெடி. இருவரும் என் மேல் விழுந்தார்கள். பொழுது சாயும்வரை அவர்களுக்கு அடியில் கிடந்தேன். அதனால்தான் பிழைத்தேன். சுட்டது யார் என்று தெரியாது. இன்றும் ஆறவில்லை.

இது 1976. டொரொன்டோ. வெளியே பனி. இன்று அம்மாவின் திவசம். திவசத்துக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்துச் சோறு போடுவது அம்மா ஊர் வழக்கம். எங்கள் ஊருக்கே இன்றுதான் திவசம். யாரை யார் அழைப்பது?

யாழ்ப்பாணத்து ராணி பக்கத்து அப்பார்ட்மென்டில் இருக்கிறாள். அவளை அழைத்தேன். கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தினை பேருக்கு அக்கா படைக்கிறியள்?"

சொன்னேன். அம்மா. தம்பி. அவனுக்கு ஒரு மாதம் நிறையவில்லை, பெயர் வைக்கவில்லை. பெரியம்மா. அவள் பெண்கள் மூவர். பிறகு எதிர்வீட்டு மாமா, அத்தை. கிணற்றடி வீட்டு மாமா. மூலைவீட்டு அத்தை, கைக்குழந்தையோடு.

"அவையின்ரை பெயர்?"

தெரியாது. எட்டு வயதில் எல்லோரையும் மாமா, அத்தை என்றுதான் கூப்பிட்டேன். அப்பாவும் போய்விட்டார், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. அந்தத் தெருவில் மிஞ்சியது நான் ஒருத்தி.