சாய்க்கக் கூடாத குழாய்

மேடையில் வீற்றிருக்கும் ஏரிச் சீரமைப்புக் குழுத் தலைவர் அவர்களே, எங்கள் தலைமையாசிரியை அவர்களே, மண் ஆய்வுக்கூடத்தில் அத்தையோடு வேலை பார்த்தவர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, என் வகுப்புத் தோழிகளே! கைகூப்பி வணங்க முடியவில்லை, மன்னியுங்கள். இரண்டு கைகளிலும் இந்தக் குழாய் இருக்கிறது. இது தானாக நிற்காது. சாய்த்து வைக்கவும் கூடாது.

என் அப்பாவின் தங்கை, இருபத்தாறு ஆண்டுகள் ஏரிகளின் அடிச்சேற்றை ஆராய்ந்த மண் ஆய்வாளர், ஊரே 'சேத்தக்கா' என்று கூப்பிட்ட என் அத்தை, சென்ற செவ்வாய்க்கிழமை பேருந்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். உலோகங்களை அளக்கும் இயந்திரம் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு இந்தக் குழாயோடு போய்க்கொண்டிருந்தார். அதை வீட்டில் கொண்டுவந்து கொடுத்த நடத்துனர் சொன்னார்: "தூங்குறாங்கன்னு நெனச்சேம்மா. தலை ஜன்னல் பக்கம் சாஞ்சிருந்துச்சு. குழாய் மட்டும் முழங்காலுக்கு நடுவுல நட்டுவச்ச மாதிரி நின்னுச்சு."

கேட்டீர்களா! தலை சாய்ந்தது, குழாய் சாயவில்லை!

ஏன் சாய்க்கக் கூடாது? ஏரியின் நடுவில் படகிலிருந்து இதை நேராக இறக்கி, அடிச்சேற்றை அடுக்கு கலையாமல் உருவி எடுத்தார் அத்தை. மேலே இருப்பது இந்த ஆண்டுச் சேறு. கீழே போகப் போகப் பழையது. இதோ, நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை தெரிகிறதா? கரையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை இருந்த காலத்துச் சேறு அது என்று அத்தை சொன்னார். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கறுப்புக் கனிமம் ஒன்று அங்கே ஈயத்தையும் காட்மியத்தையும் பிடித்துவைத்திருக்குமாம். தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை பிடி விடாது. வெளியே அள்ளிப் போட்டால் பிடி தளரும், அந்த நஞ்சு வெளியே வரும்.

வரும் திங்கட்கிழமை சீரமைப்புக் குழுவினர் ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள். அள்ளிய சேறு எங்கே வரப்போகிறது? எங்கள் பள்ளி விளையாட்டுத் திடலின் பள்ளத்தை நிரப்ப! என் தங்கை தினமும் செருப்பில்லாமல் ஓடும் திடல் அது.

ஏற்கெனவே சோதித்தாயிற்றே என்கிறார்கள். கரையோர மணலைச் சோதித்தார்கள். அதில் ஒன்றுமில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்த உலோகங்கள் மணலில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. நுண்ணிய களிமண்ணில்தான் ஒட்டும். களிமண் ஏரியின் நடுவில் படிகிறது. "கரையில எடுத்தா கரையைப் பத்தித்தான்டி தெரியும்" என்றார் அத்தை.

இந்தக் குழாய் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில்தான் நின்றது. அம்மா கத்தினார்: "பால் வைக்கிற எடத்துல சேறா? வீடு வெளங்கிடும்!"

"அண்ணி, பால் ரெண்டு நாள்ல கெட்டுடும். இது இருபது வருஷமா கெட்டுப்போய்த்தான் கெடக்கு. இனிமே என்ன ஆகப்போகுது?"

குழாயோடு ஏரிக்குக் கிளம்பிய அன்று, மேல்சேறு அள்ள அம்மா எவர்சில்வர் கரண்டி கொடுத்தபோதும் அத்தை வாங்கவில்லை. "உங்க கரண்டியும் உலோகம்தான் அண்ணி. அப்புறம் குத்தவாளி ஏரியா, கரண்டியான்னு சண்டை வரும்." வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியோடு போனார்.

வாசலில் உள்ள பதாகையில் 'அஞ்சா நெஞ்சம் கொண்டவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அத்தை பயந்தார். மிகவும் பயந்தார். ஏரியிலிருந்து வந்தால் மூன்று முறை கை கழுவுவார். அந்தக் கையால் என் தங்கையின் கன்னத்தைத் தொடமாட்டார். பயந்ததால்தானே அளந்து பார்க்கப் புறப்பட்டார்?

எனக்கும் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கும் பயம். "நமக்கெதுக்கும்மா வம்பு? ஏரியிலேயே கொட்டிட்டு வந்துடுவோம்" என்றார் நேற்று. இன்று காலையில் அவரே இதைச் சுற்றி ஐஸ் பையைக் கட்டிக்கொடுத்தார். நாளை விடிந்ததும் முதல் பேருந்தில் நாங்கள் இருவரும் போகிறோம். ஒரு வாரத்தில் முடிவு தெரிந்துவிடும். அத்தை பாதியில் விட்ட பயணத்தை முடிப்போம். இது அவருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அதுவரை ஏரியில் இயந்திரம் இறங்கலாமா, தலைவர் அவர்களே?

அத்தையின் படத்துக்கு நான் இன்னும் பூ வைக்கவில்லை. என் கை காலியாக இல்லை. தலைவர் அவர்களே, நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். கொஞ்சம் இதைப் பிடித்துக்கொள்கிறீர்களா?

ஒரு கை போதாது, ஐயா. இரண்டு கைகளாலும். நேராக.