அரைச் சாண் தண்ணி

முருகலட்சுமி: அதெப்படித் தம்பி... பழைய மிசினுல பன்னெண்டு. புதுசுல பதினொன்னு புள்ளி எட்டா? கொறையுதுல்ல?

ராம்குமார்: கொறையலக்கா. அழுத்தம் ஒண்ணுதான், அளக்குற விதந்தான் வேற. பழசு சென்டிமீட்டர் தண்ணியில காட்டும். புதுசு ஹெக்டோபாஸ்கல்ல காட்டும்.

முருகலட்சுமி: வாயில நொழையிற பேரா வைக்கமாட்டாகளா?

ராம்குமார்: பேரு கெடக்கட்டும். அழகுராஜா அண்ணன் மூக்குல காத்து நொழைஞ்சாச் சரி.

முருகலட்சுமி: காத்து ஊதுற மிசினுக்கு எதுக்குத் தண்ணிக் கணக்கு?

ராம்குமார்: ஒரு குழாயில பன்னெண்டு சென்டிமீட்டர் ஒசரத்துக்குத் தண்ணி நின்னா அடியில எம்புட்டு அமுத்தும்? அம்புட்டு அழுத்தத்துல மாஸ்க்குல காத்து வரும். தூங்கும்போது தொண்டை அடைக்காது.

முருகலட்சுமி: அரைச் சாண் தண்ணி... இங்க பாலவனத்தத்துல எழுநூறு அடி போர் போட்டும் ஈரங்கூட வரல.

ராம்குமார்: அண்ணனும் அதையே சொல்லிச் சிரிப்பாரு. காட்டுல இல்லாத தண்ணிய மூக்குல விடுறீகளேம்பாரு.

முருகலட்சுமி: ...ம்.

ராம்குமார்: அக்கா? லைன்ல இருக்கீங்களா?

முருகலட்சுமி: இருக்கேன். கணக்கச் சொல்லுங்க.

ராம்குமார்: ஒரு சென்டிமீட்டர் தண்ணிக்குப் புள்ளி தொண்ணூத்தெட்டு ஹெக்டோபாஸ்கல். பன்னெண்டால பெருக்குனா பதினொன்னு புள்ளி ஏழு ஆறு. மிசினு புள்ளி ரெண்டு, புள்ளி ரெண்டாத்தான் ஏறும், அதான் புள்ளி எட்டுல நிக்குது. ஜவுளிக்கடையில கெஜத்துல கேட்டா மீட்டர்ல கிழிச்சுத் தாராங்கள்ல, துணி கொறையுதா?

முருகலட்சுமி: கொறையும். அருப்புக்கோட்டைக் கடையில எட்டு வருசம் கிழிச்சவ நானு. எங்கிட்டயேவா?

ராம்குமார்: ஐயோ, ஆள் தெரியாமச் சொல்லிட்டேன்!

முருகலட்சுமி: வெளாட்டு இல்ல தம்பி. அளவு துளி மாறுனாலும் எங்க வீட்டுக்காரரு மூச்சு நின்னுரும். அது நின்னா என்னால தாங்க முடியாது. பழசையே வச்சுக்கிறேனே?

ராம்குமார்: முடியாதுக்கா. அந்த மாடலையே கம்பெனி திருப்பி வாங்குது. இன்னைக்கு அஞ்சு மணியோட இங்கருந்தே நிப்பாட்டிருவாங்க. அதான் புதுச பஸ்ஸு பார்சல்ல அனுப்பினோம்.

முருகலட்சுமி: அஞ்சு மணிக்கா...

ராம்குமார்: ஏன் பயப்படுறீங்க? மிசினுல சிம்மு இருக்கு, அண்ணன் மூச்சு பூராம் இங்க என் கம்ப்யூட்டர்ல தெரியும். மிசினு வைக்கிறதுக்கு முன்னாடி மணிக்கு நாப்பது தடவை மூச்சு நிக்கும். இப்ப ஒரு மாசமா ஒருதடவைகூட நிக்கல. நிமிசத்துக்குப் பதினாலு மூச்சு. டாக்டரே நம்பல.

முருகலட்சுமி: ஒருதடவைகூடயா...

ராம்குமார்: அதுக்கு முன்னாடி பதினாறு நாள் மட்டும் காலியா இருக்கு. மே மூணுலருந்து.

முருகலட்சுமி: ...ஊருக்குப் போயிருந்தோம். திருச்சுழிக்கு.

ராம்குமார்: மிசினு இல்லாமயா? சரி... அண்ணன்கிட்டக் குடுங்க, ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்.

முருகலட்சுமி: படுத்துருக்காக.

ராம்குமார்: பகல் பதினோரு மணிக்கா?

முருகலட்சுமி: அவுகளுக்கு இப்பெல்லாம் பகலு ராத்திரி கெடையாது.

ராம்குமார்: அக்கா, தப்பா நெனைக்காதீங்க... மாஸ்க்க மாட்டிக்கிட்டுத் தூங்குறது நீங்களா?

முருகலட்சுமி: நானா? நான் கீழ பாயில கெடக்கேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே.

ராம்குமார்: இப்படிக் கேட்டேன்னு அண்ணன்கிட்டச் சொல்லிராதீங்க. புதுச ஆன் பண்ணுங்க. மாஸ்க்க வச்சுட்டு பச்சைப் பட்டன அமுத்துங்க.

முருகலட்சுமி: அமுத்திட்டேன்... கீ கீனு கத்துதே! வரல தம்பி! சொன்னேன்ல, அளவு தப்பு! பன்னெண்டே வைங்க!

ராம்குமார்: பதறாதீங்க. இழுக்கிறதுக்கு மூச்சு இல்லாம காத்து வெளிய ஓடுச்சுன்னா அப்படித்தான் கத்தும். ரெண்டு நிமிசம் பாத்துட்டு மிசினு தானா நின்னுரும். மூக்குல பொருத்தமா வைங்க.

முருகலட்சுமி: நிக்கக்கூடாது... ஏங்க, நாந்தேன். இங்கனதான் இருக்கேன். புது மிசினு, அவ்வளவுதான். கோவிக்காம இழுங்க... ஏங்க...

ராம்குமார்: அக்கா? கத்துறது நின்னுருச்சா?

முருகலட்சுமி: ...ம்.

ராம்குமார்: இங்க கோடு ஓடுதுக்கா! பத்து... பன்னெண்டு... பதினாலு! அழுத்தம் பதினொன்னு புள்ளி எட்டு!

முருகலட்சுமி: அவுகதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

ராம்குமார்: ரெண்டு வருசமாப் பாக்குற மூச்சு, எனக்குத் தெரியாதா? இழுத்துட்டு விடுறதுக்கு முன்னாடி லேசா ஒரு தயக்கம் இருக்கும். அண்ணனேதான். எனக்கே இப்பத்தான் உசுரு வந்துச்சு... உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்க்கா.

முருகலட்சுமி: என்னது?

ராம்குமார்: மே மூணாந்தேதி ரிப்போர்ட்ட மறுநாள் காலையில பாத்தேன். ராத்திரி ரெண்டே காலுக்கு மூச்சு நின்னுது, திரும்ப வரவே இல்ல. உங்களைக் கூப்பிட்டுக் கேக்கப் பயம்... மிசினு கோளாறுனு எழுதி வச்சுட்டேன். கோடு மறுபடி வர்ற வரைக்கும் சோறு எறங்கல. நல்ல வேளை, நாந்தான் தப்பாப் பாத்துருக்கேன்.

முருகலட்சுமி: தப்பாப் பாக்கல தம்பி. அன்னைக்கே போயிட்டாக. பதினாறாம் நாள் காரியம் முடிச்சு, மனசு கேக்காம மாஸ்க்கத் தலகாணியில வச்சு மிசினப் போட்டேன், அவுக மூச்சு வந்துச்சு... இப்பவும் வெறுந் தலகாணிதான். மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் மூச்சு சீராகுது.