பெயர் வேண்டாம்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. மலேசியாவில், ரந்தாவுக்கு அருகே எங்கள் நிறுவனத்தின் செம்பனைத் தோட்டத்தில், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு நடக்கும் திடலில், ஒரு புகார்ப்பெட்டி மாட்டப்பட்டது. மாட்டியவன் நான். நிறுவனத்தின் நேர்மைப் பிரிவு அதிகாரி.

தொழிலாளர்களிடம் நானே பேசினேன். லஞ்சமோ திருட்டோ கண்ணில் பட்டால் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம் என்றேன். முன்வரிசையில் நின்ற தாயம்மா சிரித்தார். களைக்கொல்லி மருந்தடிக்கும் குழுவில் இருபது வருடம் இருந்தவர்.

“பொட்டியில போட்டா ஒங்ககிட்ட வருமா தம்பி, இல்ல குப்ப லோரிக்குப் போவுமா?”

“எனக்கு மட்டும்தான் வரும்கா. என்னைய நம்புங்க.”

“நம்பிட்டாப் போச்சி. நம்ம புள்ள மாதிரி இருக்கீங்க லா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

இரண்டாம் வாரம் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. மலாயில், பெரிய எழுத்துகளில். கூடவே, அறுத்துத் திறந்த ஒரு முகமூடி வடிகட்டி. விஷக்காற்றைத் தடுக்கும் கரித்தூள் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தைப் பஞ்சு இருந்தது. மருந்தடிக்கும் பெண்கள் இருமுகிறார்கள், மேனேஜர் போலி முகமூடி வாங்குகிறார், அதில் யாரோ பங்கு தின்கிறார்கள் என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. ஆனால் தாளின் உச்சியில், நடுவில், சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி.

அது இல்லாமல் எதையும் எழுதத் தொடங்கிப் பழகாத கை. அந்தக் குழுவில் மற்ற எல்லாரும் இந்தோனேசியப் பெண்கள்.

நடைமுறைப்படி எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். மேனேஜர் ஹேமநாதனை ரந்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தேன். கல்லூரி நாளிலிருந்து நண்பன்.

“யாருடா எழுதுனது?”

“பேரு இல்ல.”

“அப்புறம் எப்பிடி மச்சான் கண்டுபிடிக்கிறது?”

பிள்ளையார் சுழி இருந்ததைச் சொன்னேன். அது பெயர் அல்ல. அவன் தேநீரை முழுவதும் குடித்து முடித்தான்.

“சாமியே காட்டிக் குடுத்திருச்சி லா,” என்றான்.

மறுவாரம் தாயம்மாவை மருந்து கலக்கும் கொட்டகைக்கு மாற்றினான். ஜன்னல் இல்லாத இடம். அதே முகமூடி. மாற்றல் ஆணையின் நகல் எனக்கும் வந்தது. சம்பளம் குறையவில்லை. ஆகவே அதைப் பழிவாங்கல் என்று பதிவு செய்ய இடமில்லை.

ஜூனில் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பேச்சுக்கு நடுவே மூச்சு இழுத்தது.

“தம்பி, நான் எழுதுனது ஒங்களுக்கு மட்டும்தானே தெரியும்? மேனேஜரு என்னயப் பாத்து, இன்னொரு லெட்டர் போடுறியான்னு கேக்குறாரு.”

“பயப்படாதீங்கக்கா. வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க.”

கொடுத்தார். இந்த முறை பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் போட்டிருந்தார். கோப்பில் வைத்தேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவர் மேல் வருத்தம் இருந்தது. அந்த வடிகட்டியை அறுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தம்பி என்று கூப்பிட்டவர். நல்ல முகமூடி ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பேன், அவருக்கு மட்டும். நம்பிக்கை என்பது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

நவம்பர் 2ஆம் தேதி நுரையீரல் கெட்டு இறந்தார். அவருடைய கைபேசியில் பதிவாகியிருந்த எங்கள் பேச்சை மகள் மோகனா, என்னை விசாரிக்கும் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். அதில் இருப்பது என் குரல்தான்.

முகமூடிகளை அனுப்பிய கம்பெனி யாருடையது என்று கேட்டீர்கள். என் மனைவி துஷ்யந்தியின் பெயரில் பதிவானது. அவளுக்கு எதுவும் தெரியாது. கையெழுத்துப் போட்டதோடு சரி. ஹேமநாதனுக்குப் பங்கு உண்டு. கரித்தூளுக்குப் பதில் பஞ்சு வைக்கச் சொன்னது நான்.

மீதி முகமூடிகள் இன்று காலையும் நான்கு தோட்டங்களில் வழங்கப்பட்டன.