பாறைமேல் வாசிக்கப்படும் பக்கம்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் நிர்மலா அம்மையார் அவர்களே, அடுத்த வாரம் இலவசக் கண் முகாம் நடத்தவிருக்கும் பெரியவர் பக்கீர் முகமது அவர்களே, ‘சாரம்’ என்னும் மென்பொருளைச் சங்கராபுரத்தில் இருந்தபடியே உருவாக்கிய தம்பி தமிழ்வேந்தன் குழுவினரே, வடக்கனந்தலிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு கேட்கும் தாய்மார்களே, கள்ளக்குறிச்சியில் இணையதளம் கட்டித் தரும் ஜெபீனாவின் வணக்கமும் ஸலாமும்.

கட்டங்களைத் திரையில் இழுத்து வைத்தே இணையப் பக்கம் கட்டும் கருவி சாரம். இன்று வெளிவரும் புதிய பதிப்பில் ஒரே பக்கத்தில் பலர் வேலை செய்யலாம், கெடுத்ததை மீட்கலாம், கட்டியதன் நிரலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒருவர் கொட்டாவி விடுகிறார். விடுங்கள் ஐயா, நான் பேச வந்தது வேறொரு வசதியைப் பற்றி.

கல்வராயன் மலையில் பூமாலை என்றொரு பெண். அவர் ஊரில் ஒரு பாறைமேல்தான் சிக்னல் கிடைக்கும். அவர் ஏறி நின்று கைபேசியில் வந்ததை உரக்க வாசிப்பார். கீழே நின்று ஊரே கேட்கும். அவர்களுக்கு இணையப் பக்கம் என்பது கண்ணுக்கா, காதுக்கா? நம்மில் யாராவது அதை யோசித்தோமா?

போன ஆண்டு வேறோர் அமைப்பு நடத்திய கண் முகாமுக்குப் பகட்டான பக்கம் போட்டார்கள். தேதி எழுத்தில் இருந்தது. இடமோ வண்ணப் படத்துக்குள் இருந்தது. பாறையில் கிடைக்கும் சிக்னலில் படம் இறங்கவில்லை. பூமாலை தேதியை வாசித்தார். அதைக் கேட்ட, கண் மங்கிய ரங்கம்மாள் முகாம் வழக்கமாக நடக்கும் இடத்துக்கே போய், பூட்டிய கேட்டின் முன் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குக் கண்புரை முற்றிவிட்டது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்கிறார் மருத்துவர்.

அதனால்தான் இந்தப் புதிய வசதியைப் போற்றுகிறேன். நலிந்த சிக்னலில் பக்கம் எப்படித் தெரியும் என்று சாரம் முன்கூட்டியே காட்டும். முக்கியச் செய்தி படத்துக்குள் மட்டும் இருந்தால், வெளியிடும் பொத்தான் திறக்காது. பக்கீர் பாய் நடத்தும் இந்த ஆண்டு முகாமின் பக்கத்தை நான் கட்டியிருக்கிறேன். சோதனை எல்லாம் முடிந்து பொத்தான் பச்சையாகிவிட்டது. அழுத்தட்டுமா?

பொறுங்கள். பூமாலை பாறைமேல் காத்திருக்கிறார். அவருக்கு அனுப்பிய மாதிரியை ஊருக்கு வாசித்துவிட்டார். இதோ, கைபேசியை ஒலிவாங்கியருகே பிடிக்கிறேன்.

“எல்லாம் புரிஞ்சிதாக்கா?”

“புரிஞ்சிதும்மா. ரங்கம்மா இன்னாமோ கேக்குது, இரு. கண்ணக் கட்டிவுட்டா ஒண்டியா எப்படி வூடு வந்து சேர்றது, கூட ஒரு ஆளு தங்க வுடுவாங்களா மாட்டாங்களான்னு கேக்குது. இல்லன்னா வரலையாம்.”

கேட்டீர்களா? எல்லாச் சோதனையிலும் தேறிய பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. பொத்தான் பச்சையாக இருந்து என்ன பயன்? பாய், நீங்களே சொல்லுங்கள்.

“தங்கலாம்மா. அவங்களுக்கும் சாப்பாடு உண்டு.”

இதோ, உங்கள் கண்முன்னே அந்த வரியைச் சேர்க்கிறேன். இப்போது அழுத்துகிறேன். பூமாலைக்கா, வந்திருக்கிறதா, வாசியுங்கள்.

“கூட ஒருத்தர் தங்கலாம், சாப்பாடு உண்டுன்னு போட்டுக்குது. இரும்மா... ரங்கம்மா வருதாம். துணிய எடுத்து வெக்கப் போய்க்கினு இருக்குது.”

இதைவிட நான் சொல்ல ஒன்றுமில்லை. கருவி தந்தவர்களுக்கும், காதுகொடுத்த உங்களுக்கும், கேள்வி கேட்ட ரங்கம்மாளுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.