சத்தம் இல்லாத ஜீப்

டீ வேணாங்க ஐயா, இப்பதான் கடலூர் பஸ் ஸ்டாண்டுல குடிச்சிட்டு வந்தேன். என் பேரு சபாபதி, சிதம்பரத்துல ஜீப் மெக்கானிக். செத்துப்போன கொளஞ்சிக்குக் கூடப்பொறந்த அண்ணன். அவள அடிச்சது அவ புருசன் வைத்திலிங்கந்தான், அதுல சந்தேகமில்ல. அவரே ஒத்துக்கிட்டாருன்னும் கேள்விப்பட்டேன். ஆனா நீங்க பாதிக் கேசத்தான் புடிச்சிருக்கீங்க.

மாப்ளகிட்ட பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒண்ணு இருக்கு. போர்வெல் போடுற வேலைக்கு சேறு சகதின்னு பாக்காம ஓட்டுவாரு. ஆக்சிலேட்டர மிதிச்சா பின்னாலேருந்து ஊளை போடும், கால எடுத்தா அடங்கிடும். வீல் பேரிங்கா இருந்தா கால எடுத்தாலும் கேக்கும். இது டிஃபரன்ஷியல். பின் ஆக்சிலுக்கு நடுவுல உருண்டையா இருக்குமே, அதுக்குள்ள பினியன் பேரிங் போயிடுச்சு. கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்.

தெரிஞ்சும் ரொம்ப நாளா கை வெக்கல. "பழைய வண்டி அப்பிடித்தான் கத்தும் மாப்ள, ஆயில் மாத்தித் தரேன்"னு சொல்லிச் சொல்லி அனுப்புனேன். குடிச்சிட்டு வந்தா அவரு கைநீட்டுவாரு. அவங்க ஊரு கீரப்பாளையத்துல வாய்க்கா பாலத்துகிட்ட ஜீப் திரும்புறப்பவே கொளஞ்சிக்கு ஊளை கேட்டுடும். புள்ளயத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வூட்டுக்குப் போயிடுவா, அவரு தூங்குனப்புறம் வருவா. "அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துடாதண்ணா"ன்னு எங்கிட்ட கேட்டவளே அவதான். நானும் என்னை நல்ல அண்ணன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

இந்த ரெண்டாயிரத்துப் பத்து, தை மாசம். என் பொண்ணு சுவேதாவுக்கு மேல்பட்டாம்பாக்கத்துல நல்ல எடம் அமைஞ்சிது. அந்த நேரம் பாத்து கொளஞ்சி, "இனிமே முடியாதுண்ணா, புள்ளயோட உன் வூட்டுக்கே வந்துடறேன்"னா. புருசன வுட்டுட்டு வந்தவ வூட்ல இருந்தா சம்பந்தி வூட்ல என்ன பேசுவாங்க? நிச்சயம் முடியட்டும்மான்னு கெஞ்சினேன். அவ கேக்கல.

அந்த வாரமே மாப்ள ஜீப்பக் கொண்டாந்து, "இந்தச் சத்தத்த நிறுத்து மச்சான், மானம் போவுது"ன்னாரு. இந்தத் தடவ சரின்னேன். டிஃபரன்ஷியல எறக்கிப் புது பேரிங் போட்டேன். இடைவெளிக்கு வெக்கிற சிம் தகட மாத்தி மாத்தி வச்சு, கியர் பல்லுல கலர் தடவிச் சுத்திப் பாத்தேன், அச்சு நடுவுல சரியா வுழுந்துது. சீல் மாத்தி ஆயில் ஊத்தி ஓட்டிப் பாத்தா பூனை மாதிரி போவுது. அவ்ளோ சுத்தமா நான் வேலை செஞ்சதே இல்ல. நீங்க பிரிச்சுப் பாத்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

வண்டி சரியானா அவரு கோவமும் கொறையும்னுதான் செஞ்சேன். என் பொண்டாட்டிகிட்டயும் அப்பிடித்தான் சொல்லியிருக்கேன்.

கொளஞ்சி பொண்ணு இப்ப எங்க வூட்லதான் இருக்கு. ரோட்ல ஏதாவது வண்டி ஊளை போட்டா ஓடிப்போயி செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கிது. அதப் பாத்தா எனக்கு சோறு எறங்கல. மனசு தாங்காமத்தான் இங்க வந்தேன்.

வேலை முடிஞ்ச அன்னிக்கி மாப்ள போதையோடதான் வந்து ஜீப்ப எடுத்துக்கிட்டுப் போனாரு. அவரு போன கொஞ்ச நேரத்துல கொளஞ்சி போன் பண்ணினா. "துணிமணி எடுத்து வச்சிக்கிட்டிருக்கேண்ணா. ஜீப் சத்தம் கேட்டா பொட்டியப் பரண்ல போட்டுட்டு ஓடிடுவேன். காலயில வந்துடறேன்"னா.

வண்டியில இப்ப சத்தம் இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துது. "சரிம்மா, நிதானமா எடுத்து வை"ன்னு சொல்லிட்டு போன வச்சிட்டேன்.

பொட்டியப் பாத்தா ரெண்டு அடி போட்டு வூட்லயே நிறுத்தி வச்சிடுவாருன்னுதான் ஐயா நெனச்சேன். அடி வாங்குறது அவளுக்கு என்ன புதுசா?