இடது பின் கதவுக்குக் கீழே இருந்த வால்வு

என் பெயர் இளவழகன், வயது 44, தகப்பனார் பெயர் சடையன். புதுச்சத்திரத்தில் குடியிருந்துகொண்டு, வீட்டை ஒட்டியே பதினெட்டு வருடமாக டீசல் வண்டிகளுக்கு மெக்கானிக் வேலை செய்துவருகிறேன். இன்று 21.08.2024 காலை பத்து மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

இறந்துபோன மயில்சாமி அண்ணன் எங்கள் ஊருக்கு மேற்கே ஆறு கிலோமீட்டரில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். அவருடைய வண்டிகளை நான்தான் பார்ப்பேன். போன வருடம் அவருடைய மகன் மோகன்குமார் குடித்துவிட்டுக் காரை ஓட்டிப் பாலத்துச் சுவரில் மோதினார். அதன் பிறகு மயில்சாமி அண்ணன் என்னிடம் வந்து, மகனுக்குத் தெரியாமல் டீசல் குழாயில் ஒரு வால்வு போட்டுத் தரும்படி கேட்டார். நானும் இடது பின் கதவுக்கு நேர் கீழே, குனிந்து கையை விட்டால் எட்டுகிற இடத்தில், ஒரு பித்தளை வால்வைப் போட்டுக் கொடுத்தேன். அதை மூடிவிட்டாலும் குழாயில் மிச்சமிருக்கிற டீசலில் கார் ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு நின்றுவிடும், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பார்க்கிறவர்களுக்கு ரிப்பேர் என்றுதான் தோன்றும். மயில்சாமி அண்ணன் காரை நிறுத்தும்போதெல்லாம் டயரில் காற்றுப் பார்ப்பது போலக் குனிந்து அதை மூடிவிடுவார். "பையன் என்ன கதெ சொன்னாலும் நம்பாத சாமி. என்ற போன்ல இருந்து கூப்பிட்டாத்தான் வால்வைப் பத்தி வாயத் தொறக்கோணும்" என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டு முறை மோகன்குமார் நடுவழியில் நின்று என்னைக் கூப்பிட்டார். ஒரு முறை, நண்பர் மனைவிக்குப் பிரசவ வலி என்றார். விசாரித்தால் ஏற்காட்டுக்குக் கிளம்பியிருந்தார். நான் போய் ஃபில்டரைத் துடைப்பது போல நடித்துவிட்டு வந்தேன். மயில்சாமி அண்ணனும் நானும் பிற்பாடு சிரித்தோம். இந்த மூன்று மாதமாக மோகன்குமார் குடிப்பதில்லை, பண்ணை வேலையைப் பொறுப்பாகப் பார்க்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அவரை நம்பாமல் கீழே சொல்கிறபடி செய்தேன்.

14.08.2024 அன்று மதியம் இரண்டே முக்காலுக்கு மோகன்குமார் எனக்குப் போன் செய்தார். "இளவழகண்ணா, வண்டி பண்ணைக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல நின்னுபோச்சுங்ணா. செல்ஃப் நல்லாச் சுத்துது, ஸ்டார்ட் ஆவ மாட்டீங்குது. அப்பாவுக்கு நெஞ்சு வலிங்ணா, பின்னாடி படுத்திருக்கறாரு, என்ன பண்றதுன்னு சொல்லுங்ணா" என்றார். கேட்டவுடனேயே வால்வு மூடியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் புத்தி கெட்டுப்போய், மறுபடியும் கதை விடுகிறான் என்று நினைத்தேன். டீசலில் தண்ணீர் கலந்திருக்கும், பானெட்டைத் திறந்து ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடு என்று சொன்னேன். அவரும் அப்படியே செய்தார். அதனால் ஃபில்டருக்குள் காற்று புகுந்து நிலைமை இன்னும் மோசமானது. திரும்பத் திரும்ப நான்கு முறை கூப்பிட்டார். ஃபியூஸைப் பார், பேட்டரி வயரை அசைத்துப் பார் என்று ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொன்னேன். நான்காவது முறை அவர் அழுதுகொண்டு பேசினார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்து, மயில்சாமி அண்ணனின் நம்பருக்குப் போட்டேன். காரில் கூட இருந்த அவருடைய மனைவி வசந்தாமணி அக்கா எடுத்தார். "தம்பி, அவருக்குப் பேச்சு வரமாட்டீங்குது சாமி" என்றார். அப்போது மணி மூன்று பத்து.

உடனே மோகன்குமாரைக் கூப்பிட்டு, காருக்கு அடியில் ஒரு வால்வு இருக்கிறது, அதைத் திறந்துவிட்டு, டீசல் ஏறுவதற்கு ஃபில்டர் மேல் இருக்கிற கை பம்பை அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவ்வழியாக வந்த முட்டை வேனை நிறுத்தி அப்பாவை அதில் ஏற்றுகிறோம் என்று கூறிப் போனை வைத்துவிட்டார். நாமக்கல் போகும் வழியிலேயே மயில்சாமி அண்ணனின் உயிர் போய்விட்டது.

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது கார் மட்டும் நான்கு கதவும் திறந்தபடி நின்றது. வால்வைத் திறந்து, நாற்பது தடவை கை பம்பை அடித்து, சாவியைத் திருகினேன். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அதன் பிறகு யாருக்கும் தெரியக் கூடாது என்று வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குழாயை நேராக இணைத்து, காரைப் பண்ணையில் கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் மயில்சாமி அண்ணனின் தம்பி தீனதயாளன் காரை எடுத்துப் பார்த்து, வண்டி நன்றாக இருக்கிறதே, சொத்துக்காக மகன் வேண்டுமென்றே தாமதம் செய்திருக்கிறான் என்று எழவு வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மோகன்குமார் வால்வைப் பற்றிச் சொல்ல, தீனதயாளன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "அப்பிடி ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். மோகன்குமார் என்னைத் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். இதன் பேரில்தான் தீனதயாளன் இந்த நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். புகாரில் சொல்லியிருப்பது பொய். மோகன்குமார் நான் சொன்னதை எல்லாம் சொன்னபடி செய்தார், அது மட்டும்தான் அவர் செய்த தப்பு.

நேற்று நான் துக்கம் கேட்கப் போனபோது வசந்தாமணி அக்கா என்னிடம் சொன்னார்: "கடைசீல கையக் கீழ கீழ காட்டிக்கிட்டே இருந்தாருங் தம்பி. உசுரு போறதுக்கு முந்தி தரையில எறக்கிப் போடச் சொல்றாராட்டன்னு, அப்படியெல்லாம் நெனைக்காதீங்கன்னு நான் அந்தக் கையப் புடிச்சு அமுக்கி வெச்சுக்கிட்டனுங்." இடது பின் கதவுக்குப் பக்கத்தில்தான் அவருடைய தலை இருந்திருக்கிறது. நான் எழுந்து வந்துவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அந்தப் பித்தளை வால்வை இத்துடன் ஒப்படைக்கிறேன். என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். இந்த வாக்குமூலத்தைத் தீனதயாளன் முன்னிலையில், ஊரார் கேட்கும்படி படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கையைக் கீழே காட்டிய விஷயத்தை மட்டும் வசந்தாமணி அக்கா இருக்கும்போது படிக்க வேண்டாம்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டியும் குறைத்தும் எதுவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ச. இளவழகன்